மாமனாரின் மூன்றாவது பதில்

அந்தச் சிந்தனை எந்திரத்துக்கு அரசாங்கம் வைத்த பெயர் ஒரு முழ நீளம் இருக்கும். அதை முழுசாகச் சொன்னவர்கள் யாரும் கிடையாது. விண்கப்பல் துறைமுகத்தில் அத்தனை பேரும் அதை மாமனார் என்றுதான் சொன்னார்கள். அந்தப் பெயரை வைத்தது கொதிகலன் பக்கம் வேலை பார்த்த பெண்கள். கூடத்தின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்த மாதிரி அகன்று கிடக்கும். எந்நேரமும் சூடாக ஏதாவது உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஒரு விஷயம் கேட்டால் போதும், உறுமும், இருமும், புகைவிடும், கடைசியில் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லும். அந்த ஒற்றை வார்த்தைக்காக மொத்தப் பேரும் கைகட்டி நிற்க வேண்டும். இதற்கு வேறு என்ன பெயர் வைப்பதாம்?

ஆனால் மாமனார் இல்லாமல் அங்கே ஒரு துரும்பு அசையாது. துறைமுகத்துக்குப் பின்னால் மலைச்சரிவில் எறிகுழல் சாய்ந்து கிடந்தது. ஒரு தெருவளவு நீளமான இரும்புக் குழல். அதன் அடியில் ஊரிலேயே பெரிய ஆவித்தொட்டி. தொட்டி நிறைய நீராவியைச் சேர்த்து வைத்து, குழலுக்குள் கப்பலை நிறுத்தி, ஒரே நொடியில் திறந்துவிட்டால் கப்பல் வானத்துக்குப் போய்விடும். எந்தக் கோணத்தில் எறிய வேண்டும், எந்த நேரத்தில் எறிய வேண்டும் என்பதை மாமனார்தான் சொல்ல வேண்டும். ஒரு தடவை எறிந்துவிட்டால் தொட்டி மறுபடி நிரம்ப இரண்டு நாள் ஆகும். அதனால் மாமனாரைக் கேட்காமல் யாரும் எதையும் மேலே அனுப்பியதில்லை.

கேட்கிற வேலை அக்காவுக்கு. கேள்வியைத் தகட்டில் துளைகளாகப் போட்டு எந்திரத்தின் வாயில் கொடுப்பாள். தலை பாதி நரைத்தவள், கல்யாணம் காட்சி என்று எதையும் தனக்குச் செய்துகொள்ளாதவள். ஊர் அவளுக்கு வைத்த பட்டம் 'மறுமுறை அக்கா'. வீட்டைப் பூட்டினால் இழுத்துப் பார்ப்பாள். தெருமுனை வரை போனவள் திரும்பி வந்து இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பாள். எந்தக் கேள்வியையும் இரண்டு தடவை கேட்க வேண்டும், இரண்டு பதிலும் ஒத்துப்போனால்தான் அது பதில் என்பது ஆபீஸ் விதி. அக்கா மூன்றாவதாகவும் ஒரு தடவை கேட்டுவைப்பாள், கேலி செய்தால் செய்யட்டும் என்று.

தம்பியை வளர்த்தவள் அவள்தான். அப்பா அம்மா போன பிறகு அவளுக்கு அவன், அவனுக்கு அவள். அவன் பனிக்கட்டிக் கப்பல் ஓட்டினான். மேலே மிதக்கிற பனிப்பாறைகளை வெட்டி ஏற்றிவந்து ஊர்க் கொதிகலன்களுக்குத் தண்ணீர் கொடுக்கிற வேலை. சின்னக் கப்பல், தனி ஆள். அவன் ஒரு பெண்ணை விரும்பினபோது அக்கா அவளைப் பார்க்க மூன்று தடவை போனாள். மூன்றாம் தடவை அந்தப் பெண்ணே கதவைத் திறந்து, "இன்னும் என்ன அண்ணி பாக்கணும்? பல்லை எண்ணணுமா?" என்று வாயை ஈ என்று காட்டினாள். அன்றைக்கே அக்காவுக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது. மாமனாருக்குக் கரி போடுகிற வேலையில் இருந்தவள். முகமும் கையும் எப்போதும் கறுப்பு, வாய் ஓயாது, அதனால் கரிக்குருவி. கல்யாணத்துக்குப் பிறகு மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். சண்டை வரும், போகும்.

அன்று காலை அக்கா வேலைக்கு வந்து கையுறைகூட மாட்டவில்லை, மேலாளர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். பெரிய மீசை, பெரிய தொப்பி, சின்ன மனசு என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அது பொய். மனசு நல்ல மனசுதான். முடிவெடுக்கத்தான் வராது.

"அக்கா, பதறாதீங்க" என்றார்.

பதறாதீங்க என்று ஒருத்தர் ஆரம்பித்தால் பதறாமல் என்ன செய்வது? "தம்பிக்கு என்ன?"

"உயிரோட இருக்கார். நல்லா இருக்கார். கப்பலோட கொதிகலன் பிளந்துடுச்சாம். விடியறப்ப நம்ம தலைக்கு மேல போனாரில்ல, அப்ப விளக்கால சொல்லியிருக்கார். கப்பல் ஓடாது. சும்மா சுத்திக்கிட்டு இருக்கு, அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்! அக்கா அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். இழுவைக் கப்பல் கேப்டன் அங்கே தயாராக நின்றார். குட்டையான மனுஷர், சட்டைப் பொத்தான்கூட ஒழுங்காகப் போடாமல் ஓடி வந்திருந்தார்.

"நான் ரெடிங்க. தொட்டி நேத்தே நிறைஞ்சாச்சு. கோணத்தை மட்டும் வாங்கிக் குடுங்க, போய் அவரைக் கட்டி இழுத்துட்டு வந்துடுறேன்."

"கப்பல்ல மூச்சுக் காத்து எவ்வளவு நாள் வரும்?"

"குளிருக்குக் கரியடுப்பு எரிச்சாகணுமே. அடுப்பும் காத்தைத் தின்னும். அப்படியும் நாளன்னிக்குக் காலை வரைக்கும் தாக்குப்பிடிக்கும். கவலைப்படாதீங்க, நிறைய நேரம் இருக்கு."

கரிக்குருவிக்கு விஷயம் முன்னமே தெரிந்திருந்தது. கொதிகலன் அறைக்குள் எட்டிப் பார்த்தபோது அவள் முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு கரியை வாரி வாரிப் போட்டுக்கொண்டிருந்தாள். கண்ணீர் வழிந்த இடம் மட்டும் கன்னத்தில் வெளுப்பாக இருந்தது. "நீங்க போய்க் கேளுங்க அண்ணி, நான் கொதிக்க வைக்கிறேன்" என்றாள்.

அக்கா தகடு போட உட்கார்ந்தாள். கப்பல் சுற்றுகிற வேகம், அது தள்ளாடுகிற விதம், இழுவைக் கப்பலின் எடை. பிறகு நீராவிப் பட்டியல். தொட்டியில் இருப்பது எவ்வளவு, ரொட்டிச் சூளைக்கு எவ்வளவு, டிராமுக்கு எவ்வளவு, பாரம் தூக்கிக்கு எவ்வளவு, எல்லாம் போக எறிவதற்கு மிச்சம் போதுமா என்று கேட்க வேண்டும். அந்தப் பட்டியலில் மாமனார் கிடையாது. எப்போதும் கிடையாது. முதன்முதலில் இருந்த மேலாளர், பெரியவர் என்ன சாப்பிடுகிறார் என்று வீட்டில் யாராவது கணக்குப் பார்ப்பார்களா என்று சிரித்துக்கொண்டே அந்த வரியை விட்டுவிட்டாராம். அந்தச் சிரிப்பே வழக்கமாகிவிட்டது. தனியாக ஒரு கொதிகலன் இருந்தது, சின்னச் சின்னக் கேள்விக்கு அது போதுமாக இருந்தது, யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

மாமனார் இத்தனை பெரிய கேள்வியை அதற்கு முன்னால் மென்றதில்லை. தள்ளாடுகிற கப்பல் எந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்பது சின்ன விஷயமா? பித்தளைச் சக்கரங்கள் மெல்லத் திரும்பின, நின்றன, மறுபடி திரும்பின. அக்கா அந்த வாய்க்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, சோறு தண்ணி இல்லாமல், காகித நாடா எப்போது வெளியே வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். உச்சிப்பொழுதுக்கு முன்னால் முதல் பதில் வந்தது. எறியலாம் என்று போட்டு, கீழே கோணமும் நேரமும்.

"அப்பாடா! அப்ப நான் கிளம்புறேன்" என்றார் கேப்டன்.

"இருங்க. இன்னொரு தடவை கேக்கணும்ல."

"கேளுங்க, கேளுங்க. விதி இருக்கே."

இரண்டாவது பதில் பிற்பகலில் வந்தது. அதுவும் எறியலாம் என்றுதான் சொன்னது. ஆனால் கோணம் ஒரு மயிரிழை விலகியிருந்தது. அக்கா இரண்டு நாடாக்களையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆணி அடித்துப் பார்த்தாள். வித்தியாசம் இருக்கத்தான் செய்தது.

கேப்டன் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "இதுவா? இதை நான் மேல போய்ச் சரிபண்ணிக்கிறேன். இதுகூடத் தெரியலைன்னா என்னை எதுக்குக் கேப்டன்னு கூப்பிடுறாங்க?"

"சரிபண்ண முடியாமப் போச்சுன்னா?" என்றாள் அக்கா. "எது சரி, எது தப்புன்னு தெரியாம உங்களை எறிஞ்சிட்டு, நீங்க அவனைத் தாண்டிப் போயிட்டீங்கன்னா? தொட்டி காலி. மறுபடி நிறைய ரெண்டு நாள். அதுக்கப்புறம் யாரை அனுப்பறது? இருக்கிறது ஒரு தம்பி. அவனுக்கு ஒரு தடவைதான் எறிய முடியும்."

அவள் சொன்னதில் தப்பு என்ன இருக்கிறது? யோசித்துப் பார்த்தால் நாமும் அதைத்தான் சொல்லியிருப்போம். கேப்டன் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் மீசையைத் தடவினார். பதில்கள் ஒத்துப்போகவில்லை என்றால் மூன்றாவது தடவை கேட்க வேண்டும் என்று விதியே இருந்தது. தான் எதுவும் தீர்மானிக்க வேண்டியதில்லை என்று தெரிந்ததும் அவர் முகம் தெளிந்துவிட்டது. "கேட்டுடுவோம். நேரம்தான் இருக்கே" என்றார்.

கரிக்குருவி அப்போது மேலே வந்தாள். தலையெல்லாம் சாம்பல், மூச்சு வாங்கியது. விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள்.

"உங்களுக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்ங்க அண்ணி. ஆனா இப்படி மெல்ல மெல்ல மென்னுக்கிட்டு இருந்தா இருட்டிடும். மாமனாருக்குச் சூடு பத்தல. நான் ஒருத்தி ஒரு கொதிகலனை வெச்சுக்கிட்டு எவ்வளவு ஊட்டுறது? தொட்டிக் குழாயைத் திறந்துவிடச் சொல்லுங்க. ஒரே மூச்சில யோசிச்சுச் சொல்லிடுவார்."

தொட்டியிலிருந்து எந்திரக் கூடத்துக்கு ஒரு குழாய் வந்தது. அதன் வால்வுக்குப் பூட்டு, சாவி மேலாளரிடம். அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா தலையாட்டினாள். கேப்டன் ஏதோ சொல்ல வாயெடுத்தார், சீக்கிரம் பதில் வந்தால் சரி என்று அவரும் விட்டுவிட்டு மலைக்குக் கிளம்பினார், கப்பலில் ஏறித் தயாராக இருப்பதற்கு. மேலாளர் சாவியைப் போட்டு வால்வைத் திறந்தார். அக்கா மூன்றாவது தகட்டைக் கொடுத்தாள். நீராவிப் பட்டியலில் தொட்டி நிறைந்திருக்கிறது என்று காலையில் போட்டது போட்டபடியே இருந்தது.

மாமனார் அன்று யோசித்த மாதிரி அதற்கு முன்பும் யோசித்ததில்லை, பின்பும் யோசித்ததில்லை. சக்கரங்கள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றின. தரை அதிர்ந்தது, ஜன்னல் கண்ணாடி இரண்டு உடைந்தது. பக்கத்தில் நிற்பவர் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. சுவரிலிருந்த பேசுகுழாய், மலையில் தொட்டியைக் காவல் காக்கிற தொட்டிக்காரர் அங்கிருந்து ஊத ஊத, இங்கே விசில் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு காதிலும் விழவில்லை. கரிக்குருவி கீழே இன்னும் கரி போட்டுக்கொண்டே இருந்தாள். அக்கா ஸ்டூலை விட்டு எழுந்து, நாடா வருகிற பிளவில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றாள். இந்தா வந்துவிடும், இந்தா வந்துவிடும் என்று உதடு சொல்லிக்கொண்டே இருந்தது.

வெயில் இறங்கும்போது வந்தது. எறியலாம். கோணம், முதல் பதிலில் இருந்த அதே கோணம். இம்மி பிசகவில்லை. தொட்டியில் நீராவி போதும் என்றும் தனியாக ஒரு வரி அடித்திருந்தது.

அக்கா நாடாவைக் கிழித்து எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓ என்று அழுதுவிட்டாள். மேலாளர் தொப்பியைத் தூக்கிப் போட்டார். கரிக்குருவி கரி வாருகிற மண்வெட்டியைக் கையில் பிடித்தபடியே ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள், அக்காவின் வெள்ளைச் சட்டை முழுக்கக் கரி. அந்தச் சமயத்தில்தான் தொட்டிக்காரர் கதவை இடித்துக்கொண்டு உள்ளே வந்தார். பருத்த மனுஷர், மலையிலிருந்து ஓடியே வந்திருக்கிறார். பேச்சு வரவில்லை. வால்வைக் கையால் காட்டினார், வயிற்றில் அடித்துக்கொண்டார்.

"மூடுங்கய்யா! மூடித் தொலைங்க! தொட்டி அளவு முள்ளு கால்வாசிக்குக் கீழ போயிடுச்சு! எத்தனை தடவை ஊதறது? எல்லாரும் செத்தா போயிட்டீங்க?"

யாருக்கும் உடனே புரியவில்லை. பிறகு எல்லோருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது. மேலாளர் போய் வால்வை மூடினார். மாமனார் பெருமூச்சு விட்டு அடங்கியது.

"பதில் சரியாத்தானே வந்திருக்கு" என்றார் மேலாளர், நாடாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு. "போதும்னுதானே போட்டிருக்கு."

"காலையில போதும்யா. காலையில போதும். நிறைஞ்ச தொட்டியை உங்க மாமனார் குடிச்சுத் தீர்த்துட்டாரே!"

கேப்டன் மலையிலிருந்து இறங்கி வந்தார். அவர் ஒருவர்தான் நிதானமாக இருந்தார். தொட்டி நிரம்ப எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். ஊரில் இருக்கிற எல்லாக் கொதிகலனையும் தொட்டிக்குத் திருப்பினால் நாளன்றைக்கு மத்தியானம் எறியலாம் என்றார் தொட்டிக்காரர். காற்று அதற்கு முன்னாலேயே, காலையிலேயே தீர்ந்துவிடும்.

"வேற வழி ஏதாவது இருக்கான்னு மாமனாரைக் கேட்டுப் பாக்கலாமா?" என்றார் மேலாளர். அக்காவின் கை, புத்தி சொல்வதற்கு முன்னால், புதுத் தகடு ஒன்றை எடுத்துவிட்டிருந்தது. கரிக்குருவி அதைப் பிடுங்கித் தரையில் வீசினாள். "இனி ஒரு கேள்வி கேட்டா நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்றாள். கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள்.

கேப்டன் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார். "வழி இருக்குங்க. அடுப்பை அணைக்கச் சொல்லுங்க. விளக்கையும் அணைச்சிட்டு, இருக்கிற துணியெல்லாம் சுத்திக்கிட்டு அசையாமப் படுத்திருக்கச் சொல்லுங்க. நெருப்பு தின்னாம இருந்தா அந்தக் காத்து அவருக்கு இன்னும் ரெண்டு நாள் வரும். விறைச்சுப்போவார், விரல் ரெண்டு போனாலும் போகும். ஆனா உயிர் நிக்கும். இப்ப தலைக்கு மேல வருவார் பாருங்க. முதல்ல அதைச் சொல்லிடுங்க."

அக்கா விளக்குக் கோபுரத்தில் ஏறினாள். துறைமுகத்து விளக்கு மொழி அவளுக்கு அத்துப்படி. தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். சின்ன வயதில் சாப்பாட்டு மேஜையில் கரண்டியால் தட்டித் தட்டிப் பேசிக்கொள்வார்கள். வானம் சிவந்து கிடந்தது. மேற்கே ஒரு புள்ளி எழுந்து வந்தது. விடியலிலும் பொழுது சாய்கையிலும்தான் அது வரும், கொஞ்ச நேரம்தான் தெரியும், கிழக்கு மலைக்குப் பின்னால் போய்விடும். அவள் விளக்கின் மூடியில் கையை வைத்தாள். அணைத்துவிடு என்பதை முதலில் சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தாள்.

அவன் முந்திக்கொண்டான். மேலே ஒளி சிமிட்டியது. அக்கா, நீதானே? ரொம்பக் குளிர்கிறது. அடுப்பு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். எப்போது வருவார்கள்?

குளிர்கிறது என்று சொல்கிற பிள்ளையிடம் அடுப்பை அணை என்று எந்த வாய் சொல்லும்? அவன் காய்ச்சலில் கிடந்தபோது தன் போர்வையையும் சேர்த்துப் போர்த்தியவள் அவள். புள்ளி நகர்ந்துகொண்டே இருந்தது. ஏதாவது சொல்லியாக வேண்டும். அவள் விளக்கை மூடித் திறந்தாள். காலையில் வந்துவிடுவார்கள். பயப்படாதே.

மேலே ஒளி குதித்தது. நிஜமாவா? நன்றி அக்கா. அவளிடமும் சொல். வந்ததும் வெந்நீர் வேண்டும்.

இப்போது சொல்லிவிடலாம் என்று கையைத் தூக்கினாள். காலையில் வருவார்கள் என்று சொன்ன பிறகு எதற்கு அணைக்கச் சொல்கிறாய் என்று கேட்பானே, அதற்கு என்ன பதில் சொல்வது என்று ஒரு கணம் நினைத்தாள். அந்த ஒரு கணத்தில் புள்ளி மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. போகட்டும், ஒரு ராத்திரி சூடாக இருக்கட்டும், விடியும்போது மறுபடி வருவான், அப்போது எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறங்கி வந்தாள்.

கீழே கரிக்குருவி காத்திருந்தாள். "சொல்லிட்டீங்களா அண்ணி?"

"சொல்லிட்டேன்."

"அணைச்சிடறேன்னாரா?"

"ம்."

"அணைச்சிடுவார். சொன்னாக் கேப்பார். பனிக்கட்டி வெட்டுற ஆளு, குளிரெல்லாம் அவரை ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லிவிட்டுக் கரி மேட்டுக்கு ஓடினாள்.

அன்றைக்கு ஊர் காட்டின மனசு கொஞ்சநஞ்சமல்ல. ரொட்டிச் சூளைக்காரர் தன் கொதிகலனைத் தொட்டிக்குத் திருப்பிவிட்டார். டிராம்கள் நடுத்தெருவில் நின்றன. சலவைக்காரிகள் ஈரத்துணியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து கரி சுமந்தார்கள். முன்னே பின்னே தெரியாதவர்கள் வீட்டுக் கரியை மூட்டையில் கட்டிக்கொண்டு வந்து கொட்டினார்கள். எல்லாப் புகைபோக்கியும் ஒரே சமயத்தில் புகைந்தது. முள் ஏறுகிறது, ஏறுகிறது என்று தொட்டிக்காரர் பேசுகுழாயில் ஊதிக்கொண்டே இருந்தார்.

விடியற்காலையில் அக்கா கோபுரத்தில் ஏறியபோது வானம் இல்லை. புகைதான் இருந்தது. ஊர் மொத்தமும் சேர்ந்து அவள் தம்பிக்காக விட்ட புகை, காற்றில்லாத காலையில் அப்படியே கவிந்து கிடந்தது. விளக்கை மூடித் திறந்தாள். வெளிச்சம் கோபுரத்தைத் தாண்டவில்லை. மேலே அவன் போய்க்கொண்டிருப்பான், அக்கா அக்கா என்று விளக்கால் கூப்பிட்டுக்கொண்டிருப்பான், எங்கே, யாரும் வரவில்லையே என்று கேட்டுக்கொண்டிருப்பான். அவள் கிறுக்குப் பிடித்தவளாக மூடித் திறந்து, மூடித் திறந்து, அணை அணை அணை என்று புகையைப் பார்த்துச் சொன்னாள்.

இறங்கி வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நடந்திருக்கும். கொஞ்ச நேரம் எல்லா அடுப்பையும் அடக்குங்கள், புகை கலையட்டும், மாலையில் அவன் வரும்போது நான் பேச வேண்டும் என்று மேலாளரிடம் கேட்டால் செய்திருப்பார். ஆனால் நேற்றே சொல்லவில்லையா, என்ன சொன்னாய் என்று கேட்பார்கள். கரிக்குருவி கேட்பாள். அடுப்புகளை அடக்கினால் தொட்டி நிரம்புவதும் தள்ளிப்போகும். எது நல்லது என்று அவளுக்குத் தெரியவில்லை, கேட்டுச் சொல்லவும் யாரும் இல்லை. மத்தியானம் வரை அவள் மேலாளர் அறை வாசலுக்குப் போவதும் திரும்புவதுமாக இருந்தாள். அவர் அழைத்து, "என்னக்கா?" என்றார். "ஒண்ணுமில்ல" என்றாள். மாலையிலும் புகைதான், மறுநாள் விடியலிலும் புகைதான்.

கரிக்குருவி அந்த இரண்டு நாளும் உட்காரவே இல்லை. கை கொப்புளித்து, துணி சுற்றிக்கொண்டு கரி போட்டாள். நடுநடுவே வந்து அக்காவின் தோளைத் தொட்டு, "தைரியமா இருங்க அண்ணி. படுத்துத் தூங்கிக்கிட்டு இருப்பார். குறட்டைச் சத்தத்துக்கு அந்தக் கப்பலே நகர்ந்து கீழ வந்துடும்" என்று சிரிக்கவைக்கப் பார்ப்பாள். அக்கா கரிக்கூடையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் முள் உச்சியைத் தொட்டது. மாமனார் முதலில் சொன்ன கோணத்தையே வைத்து, கேப்டனே நேரத்தை மட்டும் மாற்றிக்கொண்டு, இழுவைக் கப்பலை எறியச் சொன்னார். எறிந்தார்கள். யாரும் எதையும் மறுபடி கேட்கவில்லை. சரியாகத்தான் போனது. பொழுது சாய்வதற்குள் இரண்டு கப்பலும் துறைமுகக் குளத்தில் வந்து இறங்கின. ஒன்று மற்றதைச் சங்கிலியால் இழுத்துக்கொண்டு வந்தது.

கேப்டன் முதலில் இறங்கினார். தொப்பி கையில் இருந்தது. கரிக்குருவி அவருக்கு எதிரே போய் நின்றாள், கையில் கட்டிய துணி அவிழ்ந்து தொங்கியது. அக்கா அவளுக்குப் பின்னால்.

"கொஞ்ச நேரம்தாம்மா" என்றார் கேப்டன். "கொஞ்சம் முன்னாடி போயிருந்தா..." நல்ல மனுஷர், ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். "கஷ்டப்படலம்மா. குளிர்ல வாடல. தூங்குற மாதிரிதான் இருந்தார். விளக்கை ஜன்னல்ல பெரிசா ஏத்தி வெச்சிருந்திருக்கார், நாங்க பாத்து வரணும்னு. அடுப்பு இன்னும் சூடாவே இருந்துச்சு. நான் கை வெச்சுப் பாத்தேன்."

கரிக்குருவி தலையை ஆட்டினாள். இரண்டு தடவை ஆட்டினாள். பிறகு நிறுத்தினாள். நெருப்போடு புழங்குகிறவளுக்கு அதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மெல்லத் திரும்பி அக்காவைப் பார்த்தாள்.

"அணைக்கச் சொல்லிட்டேன்னீங்களே அண்ணி."

அக்கா பொய் சொல்லியிருக்கலாம். சொன்னேன், அவன் கேட்கவில்லை என்று சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது? அந்தப் பொய் வாய் வரைக்கும் வந்தது.

"குளிருதுன்னான்" என்றாள். "ரொம்பக் குளிருது அக்கான்னு சொன்னான்மா."

கரிக்குருவி அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. அந்த முகத்தில் கோபம்கூட வரவில்லை.

"குளிரட்டுமே அண்ணி" என்றாள். "குளிரோட வந்திருப்பாரே."